பழுதான டீசல் எஞ்சினுக்குப் பதிலாக அவுட்போர்டா, மீண்டும் இன்போர்டா: ஒரு சிறு படகின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கே பதிவாகும் படகு ஃபைபரால் ஆனது. மொத்த நீளம் 7.3 மீட்டர், நீர்க்கோட்டில் நீளம் 6.7 மீட்டர். அடிப்பகுதி உருண்டு, பின்பக்கம் குறுகி, நடுவில் ஏரா (அடிப்பகுதியின் நீளவாட்டு முதுகுக்கட்டை) ஓடும் பழைய பாணி உடல்வாகு. ஆட்களும் சரக்கும் ஏறிய நிலையில் எடை இரண்டு டன்னை ஒட்டி வரும். கழிமுகத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கும், ஆற்றில் சற்று மேலே உள்ள இறங்குதுறைகளுக்கும் ஆட்களையும் சாமான்களையும் கொண்டுசேர்ப்பதே அதன் அன்றாட வேலை. படகு அண்ணன் தம்பி இருவருக்குச் சொந்தமானது. மூத்தவர் ஓட்டுகிறார், கணக்கையும் பராமரிப்பையும் இளையவர் பார்த்துக்கொள்கிறார்.

படகின் நடுவில், மூடிய அறைக்குள், 24 குதிரைத்திறன் கொண்ட இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின் இருந்தது. இப்படி உள்ளே அமரும் எஞ்சினைத்தான் இன்போர்டு என்கிறோம். நீண்ட காலம் உழைத்த அந்த எஞ்சின் ஒரு காலையில் ஸ்டார்ட்டரைப் போட்டபோது அசையவே மறுத்தது. பார்க்க வந்த மெக்கானிக், சிலிண்டர் சுவர் அரித்துவிட்டது, சரிசெய்வதில் பயனில்லை என்று சொல்லிவிட்டார். அடுத்து என்ன வாங்குவது என்ற கேள்வியில் சகோதரர்களுக்குள் கருத்து பிரிந்தது. 60 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சினைப் படகின் பின்பலகையில் மாட்டிவிடலாம் என்றார் இளையவர். வேகம் இரட்டிப்பாகும், ஆழமற்ற இடத்தில் எஞ்சினைத் தூக்கிக்கொள்ளலாம், பழுதானால் கழற்றிப் பட்டறைக்கே எடுத்துச் செல்லலாம், காலியாகும் எஞ்சின் அறையில் சரக்கு ஏற்றலாம் என்று அவர் காரணங்களை அடுக்கினார். மூத்தவருக்குப் பழைய இடத்திலேயே இன்னொரு டீசல் எஞ்சின் போதும் என்ற எண்ணம். இருவருமே அனுபவத்திலிருந்துதான் பேசினார்கள். இளையவரின் காரணங்களில் பல, பொதுவாகச் சொன்னால், சரியானவையே.

பின்பலகை புது எஞ்சினைத் தாங்குமா என்று பார்த்துச் சொல்லவே என்னை அழைத்திருந்தார்கள். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்வதைவிட, பழைய எஞ்சின் ஏன் கெட்டது, இந்த உடல்வாகு எந்த வேகத்தைத் தாங்கும், படகு உண்மையில் எப்படி ஓடுகிறது ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது என்று கேட்டுக்கொண்டேன். இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

பழைய எஞ்சின் நின்ற காரணம்

எஞ்சினை வெளியே தூக்கி சிலிண்டர் ஹெட்டைக் கழற்றியபோது, பின் சிலிண்டரின் சுவரில் பிஸ்டன் நின்றிருந்த உயரத்தில் ஒரு துரு வளையம் தெளிவாகத் தெரிந்தது. அதன்மேல் வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. தேய்மானத்தால் கெட்ட எஞ்சினில் இப்படி ஒரு வளையம் இருக்காது; கடல்நீர் உள்ளே வந்து தங்கியிருக்கிறது என்பதற்கு அது போதுமான சான்று.

நீர் வந்த வழியைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கவில்லை. இவ்வகை எஞ்சின்களில், குளிர்விக்கும் வேலையை முடித்த கடல்நீர் புகைக்குழாயின் வளைவில் புகையோடு கலந்து வெளியேறும். அந்தக் கலப்பிடம் வெளிநீரின் மட்டத்துக்குமேல் போதிய உயரத்தில், குறைந்தது 15 சென்டிமீட்டர் மேலே இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால், நீர் வரும் குழாயை உயரத் தூக்கி வளைத்து, அந்த வளைவின் உச்சியில் காற்று புகும் வால்வு ஒன்றைப் பொருத்த வேண்டும். இந்த இரண்டும் இல்லாத படகில், எஞ்சினை நிறுத்திய பிறகும் நீர் பம்ப் வழியாக மெல்லக் கசிந்து உள்ளே இழுக்கப்படும். மஃப்ளர் நிறைந்ததும், திறந்திருக்கும் புகை வால்வு வழியே சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

படகு புதிதாக இருந்தபோது கலப்பிடம் நீர்மட்டத்துக்கு மேலேதான் இருந்திருக்க வேண்டும். பின்னர் கூரையும் கூடுதல் இருக்கைகளும் சேர்ந்தன. படகு சில அங்குலம் தாழ்ந்தது. முழுச் சுமையோடு இறங்குதுறையில் எஞ்சினை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் கலப்பிடம் நீர்மட்டத்துக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. ஆக, கெட்டது எஞ்சினின் வகையால் அல்ல, அதைப் பொருத்திய முறையாலும் பின்னால் கூட்டிய எடையாலும்தான். இதை இங்கே அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. “உள்ளே இருக்கும் எஞ்சின் என்றாலே தொல்லைதான்” என்ற எண்ணத்தின் மீதுதான் அவுட்போர்டு வாங்கும் யோசனை பாதிக்குமேல் நின்றுகொண்டிருந்தது.

படகின் உடலை அளந்து பார்த்ததில்

நீரைக் கிழித்து விலக்கிக்கொண்டே செல்லும் படகுக்கும், வேகம் கூடியதும் நீரின்மேல் எழும்பிச் சறுக்கும் படகுக்கும் உள்ள வேறுபாடுதான் எஞ்சின் தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது. விலக்கிச் செல்லும் படகின் வேகத்துக்கு அதன் நீளமே வரம்பு கட்டுகிறது. நீர்க்கோட்டு நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.43 ஆல் பெருக்கினால் அந்த வரம்பு நாட் கணக்கில் கிடைக்கும். இந்தப் படகுக்கு அது சுமார் 6.3 நாட், அதாவது மணிக்கு 11.6 கிலோமீட்டர். அதற்குமேல் போக முயன்றால், படகு தானே எழுப்பிய அலையின் மேட்டில் ஏறத் திணறும். முன்பக்கம் தூக்கிப் பின்பக்கம் அமிழும். கூடுதல் எரிபொருள் அலையாகப் போகும். சறுக்கிச் செல்வதற்குப் பின்பக்கத்தில் அகன்ற, தட்டையான அடிப்பகுதி வேண்டும். இந்தப் படகிலோ அங்கே அடிப்பகுதி மேல்நோக்கி வளைந்து குறுகுகிறது. 60 குதிரைத்திறன் மாட்டினாலும் வேகம் இரட்டிப்பாகாது என்பதை இளையவரிடம் முதலில் காகிதத்தில் காட்டினேன். அவர் உடனே ஏற்கவில்லை. ஏற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. படகையே கேட்டுப் பார்க்கலாம் என்று முடிவானது.

பழைய எஞ்சினும் கியர் பாக்ஸும் வெளியே இருந்ததால் அது எளிதாயிற்று. 60 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டின் எடை 110 முதல் 120 கிலோ வரை இருக்கும். வளர்ந்த ஆட்கள் இருவரைப் பின்பலகையை ஒட்டி நிற்கச் சொன்னோம். தளத்து நீர் வெளியேறுவதற்காகப் பின்பக்கம் இருந்த இரு துளைகளும் நீருக்குள் போயின. வெளியேற வேண்டிய வழியில் நீர் உள்ளே வரத் தொடங்கியது. முன்பக்கத்தில் நீர்க்கோட்டின் பச்சைப் பாசிப் பட்டை ஒரு கையகலம் மேலே தெரிந்தது. படகு அசையாமல் நிற்கும்போதே இந்த நிலை. எஞ்சின் தள்ளும்போது பின்பக்கம் இன்னும் அமிழும். இளையவர் துளைகளின் அருகே குனிந்து சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு வேகத்தைப் பற்றி அவர் பேசவில்லை.

பின்பலகையின் நிலையும் சரியில்லை. சுத்தியலின் பிடியால் தட்டிக்கொண்டே போனபோது, ஓரங்களில் கணீரென்று ஒலித்த பலகை நடுவில் மந்தமாக ஒலித்தது. உட்புறத்திலிருந்து சிறு துளை போட்டோம். டிரில் பிட்டில் உலர்ந்த மரத்தூளுக்குப் பதிலாகக் கறுத்த ஈரக் கூழ் ஒட்டி வந்தது. இரு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே உள்ள பிளைவுட் நீர் கோத்து மக்கியிருந்தது. இன்போர்டு படகில் புரொப்பல்லரின் தள்ளுவிசை ஷாஃப்ட் வழியாகக் கியர் பாக்ஸுக்கும், அங்கிருந்து எஞ்சின் அமரும் நீண்ட கட்டைகளுக்கும் போகிறது. பின்பலகை வெறும் சுவராக இருந்தால் போதும். அவுட்போர்டில் தள்ளுவிசை முழுவதையும், அலையில் எஞ்சின் குலுங்கும் அடியையும் சேர்த்து, அந்தப் பலகைதான் தாங்க வேண்டும். மேலும், நீண்ட கால் கொண்ட அவுட்போர்டுக்கு ஏறக்குறைய 51 சென்டிமீட்டர் உயரமுள்ள பின்பலகை வேண்டும். இங்கே அது 70 சென்டிமீட்டருக்குமேல் இருந்தது. எனவே பலகையைப் புதிதாகக் கட்டுவதோடு அதன் நடுவில் வெட்டித் தாழ்த்தவும் வேண்டும். பின்னாலிருந்து அலை வரும் கழிமுகத்தில், ஆட்களை ஏற்றும் படகின் பின்சுவரைத் தாழ்த்துவது எனக்கு ஒப்பவில்லை.

பின்பலகைக்கு வெளியே இயங்கு அலகும் உள்ளே எஞ்சினும் கொண்ட ஸ்டெர்ன் டிரைவ் பற்றியும் பேச்சு வந்தது. 1959 இல் வால்வோ பென்டா அக்வாமேட்டிக் என்ற பெயரில் சந்தைக்கு வந்த அந்த அமைப்பு சறுக்கிச் செல்லும் படகுகளுக்கு ஏற்றது. அதற்கும் உறுதியான பின்பலகை வேண்டும், எடையும் கடைசியில்தான் போய்ச் சேரும் என்பதால் அதை நீண்ட நேரம் விவாதிக்கவில்லை.

வேலையும் ஆழமும்

மூத்தவரின் பயணங்களைக் கவனித்ததில், படகு பெரும்பாலான நேரம் ஐந்து நாட்டை ஒட்டிய சீரான வேகத்தில், சுமையோடு ஓடுகிறது. இத்தகைய ஓட்டத்தில் டீசலின் நன்மை பெரியது. ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடப் பத்து விழுக்காட்டுக்குச் சற்றுமேல் அதிக ஆற்றல் உண்டு. உயர்ந்த அழுத்தத்தில் எரிவதால் அந்த ஆற்றலில் கூடுதல் பங்கை ஷாஃப்ட்டுக்குத் தருகிறது. புரொப்பல்லரின் பங்கும் இதில் இருக்கிறது. மெதுவாகச் செல்லும் கனமான படகுக்கு, மெதுவாகச் சுற்றும் பெரிய புரொப்பல்லர்தான் திறமையானது. இங்கே இருந்தது 17 அங்குல விட்டமுடையது, நிமிடத்துக்கு 900 சுற்று. 60 குதிரைத்திறன் அவுட்போர்டில் அதைவிடச் சிறிய புரொப்பல்லர் நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்குமேல் சுழலும். இந்த வேகத்துக்கு டீசல் மணிக்கு இரண்டு லிட்டரும், பெட்ரோல் அதைப்போல் இரு மடங்கும் ஆகலாம் என்று மதிப்பிட்டோம்.

ஆழத்தைப் பொறுத்தவரை இளையவர் சொன்னதில் முழு நியாயம் இருந்தது. சுமையோடு படகு 65 சென்டிமீட்டர் அமிழ்கிறது. அளவுக்கோடு போட்ட கழியை ஊன்றிப் பார்த்தபோது, நீர் வற்றும் நேரத்தில் முக்கிய இறங்குதுறையில் 80 சென்டிமீட்டர் இருந்தது. ஆற்றின் மேற்பகுதியில் ஒரு துறையில் மட்டும், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய வற்றத்தின்போது, ஆழம் படகின் அமிழ்வைவிடக் குறைந்தது. அறுந்து மிதக்கும் வலையும் கயிறும் புரொப்பல்லரில் சுற்றிக்கொள்ளும் தொல்லையும் உண்டு. அவுட்போர்டைத் தூக்கிவிட்டுக் கத்தியால் அறுத்துவிடலாம். இன்போர்டில் ஒருவர் நீரில் இறங்க வேண்டும். இந்தக் குறையை எந்தக் கணக்காலும் மறைக்க முடியாது.

பெட்ரோல் தொட்டி வைக்க நினைத்த இடம்

விவாதத்தின் நடுவே தற்செயலாகத்தான் தெரியவந்தது: அவுட்போர்டு வாங்கினால், காலியாகும் எஞ்சின் அறையிலேயே பெட்ரோல் தொட்டியை வைத்து, பழைய பேட்டரிகளையும் அங்கேயே விடுவது இளையவரின் திட்டம். இடத்தை வீணாக்காத திட்டம்தான். ஆனால் நான் பார்த்தவற்றில் இதைவிட ஆபத்தானது குறைவு. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றத் தக்க ஆவியைத் தரும். டீசலுக்கு 50 டிகிரிக்குமேல் சூடாக வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மூடிய படகில் அது வெளியே போகாமல் அடித்தளத்தில் இறங்கித் தேங்கும். காற்றில் ஒன்றரை விழுக்காட்டை ஒட்டிய அளவு கலந்தாலே ஒரு பொறி போதும். அந்தப் பொறியைத் தர பேட்டரி முனையும் ஸ்விட்சும் பக்கத்திலேயே காத்திருக்கும். உள்ளே பெட்ரோல் எஞ்சின் உள்ள படகுகளில், ஸ்டார்ட் செய்யும் முன் காற்று வெளியேற்றும் விசிறியைக் குறைந்தது நான்கு நிமிடம் ஓடவிடச் சொல்வது இதற்காகத்தான்.

எந்த எஞ்சினை வாங்கினாலும் சரி, பெட்ரோல் இந்தப் படகின் தளத்துக்குக் கீழே போகக் கூடாது என்பதை எழுத்தில் போட்டு இருவரிடமும் கொடுத்தேன்.

எடுத்த முடிவு

சகோதரர்கள் இருவரும் சேர்ந்தே இன்போர்டு டீசலைத் தேர்ந்தார்கள். 27 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 3,000 சுற்று. கியர் பாக்ஸ் மூன்றுக்கு ஒன்று. சுற்றைக் குறைத்து, கிட்டத்தட்ட பழைய வேகத்திலேயே பெரிய புரொப்பல்லரைச் சுழற்றுவதுதான் அந்த விகிதத்தைத் தேர்ந்ததன் நோக்கம். புகைக்குழாயின் கலப்பிடத்தை, முழுச் சுமையில் அளந்த நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்தி, நீர்க்குழாயில் காற்று வால்வும் வைக்கப்பட்டது. ஷாஃப்ட்டில் கயிறு அறுக்கும் கத்தி பொருத்தப்பட்டது. ஆழம் குறைந்த துறையில் பலகை நடைபாதையைச் சில மீட்டர் நீட்டினார்கள்.

இளையவரின் இன்னொரு குறை, பராமரிக்கக் கை நுழைவதில்லை என்பது. பழைய அறையில் நீர் பம்பின் இம்பெல்லரை (உள்ளே சுழன்று நீரைத் தள்ளும் சக்கரத்தை) மாற்ற, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத திருகுகளை விரலால் தடவிக் கழற்ற வேண்டியிருந்தது. அதனாலேயே அது உரிய காலத்தில் மாற்றப்படவில்லை. புது எஞ்சினை வாங்கும்போது இம்பெல்லர் மூடி முன்பக்கம் இருக்கும் மாடலையே கேட்டு வாங்கினோம். ஷாஃப்ட் படகை விட்டு வெளியேறும் இடத்தில் நீர் புகாமல் அடைக்கும் ஸ்டஃபிங் பாக்ஸுக்கு நேர்மேலே தளத்தில் தனி மூடி வெட்டப்பட்டது.

இதே சகோதரர்களிடம் தட்டையான அடியும் உறுதியான பின்பலகையும் கொண்ட லேசான படகு இருந்து, அதைத் தினமும் மணலில் இழுத்து ஏற்றும் வேலையும் இருந்திருந்தால், தயங்காமல் அவுட்போர்டையே சொல்லியிருப்பேன்.

பொருத்திய பிறகு

முதல் ஓட்டத்தில் முழு விசை கொடுத்தும் எஞ்சின் 2,700 சுற்றைத் தாண்டவில்லை. கறுப்புப் புகை வந்தது. எஞ்சினில் குறையில்லை. பழைய எஞ்சின் ஷாஃப்ட்டை 900 சுற்றில் சுழற்றியது. புதியது 1,000 சுற்றில் சுழற்ற வேண்டும். புரொப்பல்லர் உறிஞ்சும் திறன் சுற்றின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப உயர்வதால், அந்தச் சிறு உயர்வுக்கே 24 குதிரைத்திறன் கேட்ட புரொப்பல்லர் 33 கேட்கிறது. புரொப்பல்லரைக் கழற்றி, அதன் பிட்ச்சை (ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய கணக்குத் தூரத்தை) 13 அங்குலத்திலிருந்து சுமார் ஒன்றரை அங்குலம் குறைத்த பிறகு எஞ்சின் 3,000 சுற்றை எட்டியது, புகையும் நின்றது. அவசரப்பட்டு எஞ்சின் விற்றவரோடு சண்டைக்குப் போகாமல் மூத்தவர் பொறுமை காத்தது நல்லதாயிற்று.

அடுத்ததாக ஓர் அதிர்வு வந்தது. கரையில் இருந்தபோது ஷாஃப்ட்டையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் கப்ளிங்கை ஒழுங்காகத்தான் நேர்செய்திருந்தார்கள். ஆனால் தாங்குகட்டைகள்மேல் அமர்ந்திருந்த படகு நீரில் இறங்கியதும் அதன் உடல் மெல்ல வளைவு மாறிக்கொள்கிறது. சில நாள் நீரில் கிடந்த பிறகு கப்ளிங்கைப் பிரித்து, இரு முகங்களுக்கும் இடையே இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நான்கு பக்கமும் நுழைத்துப் பார்த்தபோது மேலும் கீழும் வேறுபாடு தெரிந்தது. எஞ்சினின் முன்கால்களைச் சற்று உயர்த்தி, எல்லாப் பக்கமும் 0.1 மில்லிமீட்டருக்குள் வரும்வரை சரிசெய்தோம். ஸ்டஃபிங் பாக்ஸைச் சொட்டே விழாதபடி இறுக்கியிருந்ததால் அது கையை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகியிருந்தது. ஓடும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழுமாறு தளர்த்தியதும் ஆறியது. இந்தச் சொட்டுகள் கசிவு அல்ல, உள்ளே திணித்த பேக்கிங் எரியாமலிருக்கத் தேவையானவை என்பதை உதவிக்கு வரும் பையனுக்கும் காட்டிவைத்தார் மூத்தவர்.

எரிபொருள் செலவு, தொட்டியை நிரப்பி நிரப்பிப் பார்த்த கணக்கில், மணிக்கு இரண்டு லிட்டருக்குச் சற்றுமேல் நின்றது. ஒருமுறை தடித்த நைலான் வலை புரொப்பல்லரில் சிக்கியது. கத்தி அதன் ஒரு பகுதியைத்தான் அறுத்தது. நங்கூரம் போட்டு, எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகே இளையவர் நீரில் இறங்கி மீதியை அறுத்தார். அவுட்போர்டாக இருந்திருந்தால் யாரும் நனைந்திருக்க மாட்டார்கள் என்று அவர் சொன்னதை மூத்தவரும் மறுக்கவில்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

கியர் பாக்ஸ் விகிதத்தை முடிவுசெய்யும் நேரத்திலேயே புரொப்பல்லரின் விட்டம், பிட்ச், சுற்றும் திசை மூன்றையும் அளந்து எஞ்சின் தருபவரிடம் கொடுத்திருந்தால், படகை இரண்டாம் முறை கரையேற்றியிருக்க வேண்டாம். திசையை மட்டும் முன்பே பார்த்திருந்தார்கள். அது தப்பியிருந்தால் முன்கியரில் படகு பின்னால் போயிருக்கும். நீரில் இறக்கிச் சில நாள் கழித்துச் செய்யும் கப்ளிங் சோதனையை, பொருத்தும் பட்டறையின் வேலைப் பட்டியலிலேயே எழுதி வாங்க வேண்டும். பிறகு வாய்வார்த்தையாகக் கேட்டால் அது நடப்பதில்லை. பின்பலகையைத் தட்டுவதும் இரண்டு பேரைப் பின்னால் நிற்கவைப்பதும் எந்தச் செலவும் இல்லாத சோதனைகள்; அவுட்போர்டுக்கு விலை விசாரிப்பதற்கு முன்பே அவற்றைச் செய்திருக்கலாம். கூரை, இருக்கை போன்ற எடை எதைச் சேர்த்தாலும் புகைக்குழாயின் கலப்பிடத்தை நீர்மட்டத்தோடு மறுபடி ஒப்பிட வேண்டும் என்று எஞ்சின் அறையின் மூடியின் உட்புறத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஒரு வேலை மீதமிருக்கிறது. எஞ்சின் நின்றுபோனால் கரை சேர்வதற்காக, 27 கிலோ எடையுள்ள 6 குதிரைத்திறன் சிறு அவுட்போர்டு ஒன்றைத் தாங்கியில் மாட்டுவதென்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள். அதன் பெட்ரோல், எடுத்துச் செல்லக்கூடிய சிறு தொட்டியில் திறந்த தளத்தில்தான் இருக்கும். ஆனால் மக்கிய பின்பலகையில் அதைக்கூட மாட்ட முடியாது. அடுத்த முறை படகைக் கரையேற்றும்போது உள்பிளைவுட்டை வெட்டியெடுத்துப் புதிதாகக் கட்டி, இருபுறமும் தாங்குதகடு வைத்த பிறகே அது ஏறும். அதுவரை ஒரு ஜோடி துடுப்பும், கயிறு கட்டி எந்நேரமும் போடத் தயாராக வைத்த நங்கூரமும் முன்பக்கத்தில் இருக்கின்றன.